பதவியில் இருக்கிறார், பார்க்க முடியவில்லை

(தாராவியில் நடந்த மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியற்காலையில் இட்லிக் கூடை சுமந்தவர்களும், பட்டறையில் ஓவர்டைம் பார்த்தவர்களும் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறோம்.

முதலில் நம் வீட்டுக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத் தலைவர் படுத்த படுக்கையானார். அவர்மேல் நமக்கிருந்த மரியாதையினால், வேறொருவரைப் பொறுப்பில் வைக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வேளையில் தோழர் ஒருவர் இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும். சகாய நிதியில் பணம் இருந்தது. காசோலையில் போட வேண்டிய கையெழுத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. சந்து சந்தாகத் துண்டேந்தித்தான் காசு சேர்த்தோம். அதன் பிறகே விதியைத் திருத்தினோம்: தலைவர் முப்பது நாள் வர இயலாவிட்டால், துணைத் தலைவர் பொறுப்பேற்பார்.

ஒரு சின்னஞ்சிறு சங்கம் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை அரசாங்கம் கற்றுக்கொண்டதா? இல்லை தோழர்களே!

1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் அமெரிக்காவிலுள்ள புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். டிசம்பரில் தேர்தல். ஆண்டிப்பட்டி மண்ணை மிதிக்காமலே அவர் வென்றார். மருத்துவமனையில் எடுத்த படத்தைக் காட்டியே வாக்குக் கேட்டார்கள். நாடு திரும்பியது 1985 பிப்ரவரியில்தான்.

முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே அப்போலோ. 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. நம்மைப் போலப் பிழைக்கப் போன கூலிக் குடும்பங்கள் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. பத்தே நாளில், 22-ஆம் தேதி இரவு, முதலமைச்சர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 29-ஆம் தேதி தில்லியில் காவிரிக் கூட்டம் நடந்தபோது அவருடைய உரையைத் தலைமைச் செயலாளர் வாசித்தார். அக்டோபர் 11-இல் அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் போயின, முதலமைச்சர் பதவி மட்டும் ஜெயலலிதாவிடமே இருந்தது. அந்த உத்தரவைப் போட்ட ஆளுநர் யார்? நம் மலபார் ஹில் ராஜ்பவனிலிருந்த வித்யாசாகர் ராவ். மகாராஷ்டிராவின் ஆளுநர், தமிழ்நாடு அவருக்குக் கூடுதல் பொறுப்பு! இடைத்தேர்தல் படிவங்களில் கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை விழுந்தது. டிசம்பர் 5-இல் அவர் மறைந்தார். அந்த நாட்களில் என்ன நடந்தது என்று ஆராய 2017-இல் அமைந்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை, சட்டமன்றத்துக்கு 2022-இல்தான் வந்தது.

இது தமிழ்நாட்டோடு நிற்கும் கதையுமல்ல. 2021 நவம்பரில் இங்கே முதலமைச்சர் உத்தவ் தாக்கரேவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. டிசம்பர் சட்டமன்றத் தொடர் அவர் இல்லாமலே முடிந்தது.

நோய் யாருக்கும் வரும். நோயாளியை நாம் குறை சொல்லவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் நோயுற்றால் துணைத் தலைவர் கவனிப்பார் என்று அரசியல் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆளுநர் இல்லாத நேரத்துக்கு 160-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. முதலமைச்சர் நினைவிழந்து கிடந்தால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் அரசாங்கமாகிவிடுகிறார்கள்.

நம் பங்கும் இதில் உண்டு. தலைவரை நேசித்தோம்; தவறில்லை. “அவர் எப்படி இருக்கிறார்?” என்று அழுதுகொண்டு கேட்டோம். “கோப்பில் கையெழுத்துப் போடுவது யார்?” என்று கேட்கவில்லை. கேட்டால் துரோகம் என்று பயந்தோம்.

ஊரை விட்டு வந்த நமக்குத் தலைவர்கள் எப்போதுமே தூரத்தில்தான் இருக்கிறார்கள். நமக்கு எட்டுவது அவர்கள் முகமல்ல. ரேஷன் கார்டும், பட்டாவும், பென்ஷனும்தான். ஆகவே நாம் கேட்பது இரண்டே. முதலமைச்சர் பணி செய்ய இயலாத நிலை வந்தால், பொறுப்பு யாருக்கு என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். அவருடைய உடல்நிலையை, அரசு மருத்துவர் குழு, குறித்த நாளுக்குள் சட்டமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

துண்டேந்திய அந்த நாளை மறக்காதீர்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கொடி பிடித்தவர்களானாலும், இந்த இரண்டையும் கேளுங்கள்.