வீட்டுக் கணிப்பொறியில் ஓர் அணு உலை

(சிப்பிகாட்டில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)

2004 டிசம்பர் 26 காலையில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், போர்ட் பிளேயரைச் சுற்றியுள்ள தெற்கு அந்தமான் நிலப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களிலும் குடியிருப்புகளிலும் கடல்நீர் புகுந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னும் ஓதம் ஏறும்போதெல்லாம் அந்த நீர் திரும்பி வந்தது; நெல் விளைந்த நிலம் உவர்நீர்ச் சதுப்பாயிற்று. அதற்கு முன் வகுக்கப்பெற்ற சாலைத் திட்டமானாலும் வேளாண்மைத் திட்டமானாலும், ‘நிலத்தின் மட்டம் மாறாது’ என்ற அனுமானம் அதனுள் அடங்கியிருந்தது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையுண்டென்று எவருக்கும் தோன்றவுமில்லை.

அதே பேரலை வங்கக் கடலைக் கடந்து கல்பாக்கத்தை அடைந்தது. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளுள் ஒன்று பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது, மற்றொன்று இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் எக்கிக் கூடத்தில் வெள்ளம் புகுந்து எக்கிகள் நின்றன. பணியிலிருந்தோர் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். மின்வசதி அறுபடவில்லை, உலையைக் குளிர்விக்கும் பணி தொடர்ந்தது. சில நாட்களில் உலை மீண்டும் இயங்கியது. ஆனால் அணு உலையை நிறுத்துவது விளக்கை அணைப்பது போன்றதன்று. நிறுத்திய பிறகும் அதனுள் என்ன நடக்கிறது என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு இன்று எளிய வழியொன்று உண்டு. ஓர் அணு உலையைத் தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே அவர் அமைத்துப் பார்க்கலாம்.

பாவனை உலையின் பாடங்கள்

உண்மை உலையின் நடத்தையைக் கணக்கின் வாயிலாகத் திரையில் நிகழ்த்திக் காட்டும் நிரலைப் ‘பாவனை உலை’ எனலாம். பொழுதுபோக்காக இதனை எழுதுவோர் உலகெங்கும் உள்ளனர். 1981இல் கிரிஸ் கிராஃபோர்டு என்பவர் அட்டாரி வீட்டுக் கணிப்பொறிக்கென ‘ஸ்கிராம்’ என்ற அணுமின் நிலைய விளையாட்டை உருவாக்கினார். அதில் நிலநடுக்கம் நிலையத்தின் ஏதேனும் ஓர் உறுப்பைப் பழுதாக்கும். எது பழுதென ஆட்டக்காரர் கண்டறிய வேண்டும். இன்று பைதான் போன்ற கணிப்பொறி மொழியும், பொறியியல் பாடநூல்களில் அச்சாகியுள்ள சமன்பாடுகளும் இதற்குப் போதும். மறைபொருளான செய்தி எதுவும் வேண்டியதில்லை.

முதற்பாடம் நியூட்ரான்களைப் பற்றியது. யுரேனியம் 235 பிளவுறும்போது வெளிவரும் நியூட்ரான்களில் ஏறத்தாழ 99.35 விழுக்காடு உடனே வெளிவருகின்றன. எஞ்சிய 0.65 விழுக்காடு, பிளவுத் துண்டுகளிலிருந்து ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் முதல் ஒரு நிமிட அளவு வரை தாமதித்து வருகின்றன. இந்தச் சிறு பகுதி இல்லையேல், மனிதரோ பொறியோ கட்டுப்படுத்த இயலாத வேகத்தில் உலையின் ஆற்றல் மாறும். ஆறு பிரிவுகளாகத் தாமத நியூட்ரான்களைக் கணக்கிட்டால் ஏழு சமன்பாடுகளில் இது அடங்கிவிடும்.

இங்கே மாணவர் முதன்முறை ஏமாறுவார். கனநீர் உலையில் நியூட்ரானின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி. மாணவரோ விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும் என்று எளிய முறையில் நிரலை எழுதுவார். கட்டுப்பாட்டுத் தண்டைச் சிறிது அசைத்தவுடன் திரையில் ஆற்றல் தாறுமாறாக ஏறும்; அடுத்த விநாடியில் சுழிக்கும் கீழே இறங்கும். சுழிக்குக் கீழான ஆற்றல் எந்த உலையிலும் இல்லை. வெடித்தது உலையன்று, கணக்கு. நூறில் ஒரு விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் அதே உலை அமைதியாக இயங்கும். திரையில் தோன்றுவது இயற்கையின் செயலா, தம் கணக்கின் பிழையா என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு இங்கே பிறக்கிறது.

இரண்டாம் பாடம் எஞ்சிய வெப்பம். சங்கிலித் தொடர் நின்ற பின்னும் பிளவுத் துண்டுகளின் கதிரியக்கச் சிதைவினால் வெப்பம் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு ஆற்றலில் 6 முதல் 7 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. ஒரு நாளில் அரை விழுக்காடு. 750 மெகாவாட் வெப்ப ஆற்றலுள்ள உலை நிறுத்தப்பட்டு ஒரு நாள் ஆன பிறகும் 4 மெகாவாட் அளவு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

மூன்றாம் பாடம் செனான் 135. நியூட்ரானை மிகுதியாக விழுங்கும் இவ்வளி, 6.6 மணி நேர அரைவாழ்வுள்ள அயோடின் 135 சிதைவதால் பிறக்கிறது. இதன் அரைவாழ்வோ 9 மணி நேரத்திற்குச் சற்று மேல். உலை நின்றதும் செனானை எரித்தழிக்கும் நியூட்ரான்கள் இல்லாமற்போகின்றன. அயோடினோ தொடர்ந்து சிதைகிறது. ஆகவே செனான் குறைவதற்கு மாறாகப் பெருகி, 10 மணி நேர அளவில் உச்சம் அடைகிறது. நிறுத்திய கனநீர் உலையை அரைமணி நேர அளவுக்குள் மீண்டும் இயக்காவிடில் ஒன்றரை நாள் காத்திருக்க நேர்வது இதனாலேதான். இரண்டே சமன்பாடுகளில் மாணவர் இதைத் திரையில் காணலாம்.

விடுபட்டவை

இவ்வளவும் சரியாக அமைந்தபின் மனநிறைவு தோன்றுவது இயல்பு. எச்சரிக்கை வேண்டிய இடமும் அதுவே.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரி மைல் ஐலண்டு நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த அடைப்பான் ஒன்று மீண்டும் மூடவில்லை. ‘மூடுக’ என்ற ஆணை சென்றதை மட்டுமே கட்டுப்பாட்டு அறை விளக்கு காட்டியது. அடைப்பான் உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. நீர் மிகுதியாக உள்ளதென்று எண்ணிய பணியாளர்கள், அவசரக் குளிர்நீரைக் குறைத்தனர். உலையின் உட்கருவில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. அவர்கள் பயிற்சி பெற்ற பாவனை அமைப்போ, அத்தகைய நிலையைக் காட்டும்படி எழுதப்பட்டிருக்கவில்லை. இதனை ஆராய்ந்த ஆணையத்தின் தலைவர் ஜான் கெமனி. சாதாரண மாணவரும் நிரல் எழுதுவதற்கென்று 1964இல் ‘பேசிக்’ மொழியைத் தாமஸ் கர்ட்ஸுடன் இணைந்து படைத்தவர் அவரே.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தை உணர்ந்த உலைகள் முறைப்படி தாமே நின்றன. கணக்கில் கொள்ளப்பட்டிருந்த அலையின் உயரம் 6 மீட்டருக்கும் குறைவு. வந்தது 14 மீட்டர் அளவு. டீசல் மின்னாக்கிகள் மூழ்கின. எஞ்சிய வெப்பத்தை அகற்ற மின்சாரம் இன்றி மூன்று உலைகளின் உட்கரு உருகிற்று. சமன்பாடு பொய்க்கவில்லை, சமன்பாட்டிற்கு வெளியே இருந்த கடல்தான் உள்ளே வந்தது.

இப்படிப்பினைகளை ஒட்டியே பயிற்சிப் பாவனை அமைப்புகள் உலகெங்கும் விரிவாக்கப்பட்டன. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைக்கென இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய முழுப் பாவனை அமைப்பில், கட்டுப்பாட்டு அறையே அச்சு அசலாக அமைந்துள்ளது. பயிற்சி பெறுவோர் இயல்பான இயக்கத்தோடு பழுதுகளையும் அதில் எதிர்கொள்கின்றனர்.

அலுவலர்களும் ஒருவகையில் பாவனை அமைப்புகளைக் கொண்டே பணியாற்றுகின்றனர். மக்கள்தொகை மதிப்பீடு, மின்தேவைக் கணிப்பு, வடிகால் வரைபடம் ஆகிய யாவும் உலகின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன. விடுவது குற்றமன்று, விடாமல் எக்கணக்கும் இல்லை. விட்டதை மறப்பதே குற்றம்.

ஆகவே, பாவனை உலை அமைக்க முற்படும் மாணவர் நிரலின் தலைப்பிலேயே ஒரு பட்டியலை எழுதி வைத்தல் நன்று. எக்கி நிற்காது என்று கொண்டோம். மின்சாரம் அறாது என்று கொண்டோம். அளவுமானி பொய் சொல்லாது என்று கொண்டோம் என ஒவ்வொன்றாக அதில் இடம்பெற வேண்டும். பின்னர், அப்பட்டியலில் ஒவ்வொரு வரியையும் பொய்யாக்கி நிரலை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். திட்ட வரைவுகளின் முதற் பக்கத்திலும் இத்தகைய பட்டியல் ஒன்று இடம்பெறுமாயின் நாட்டிற்கு நன்மை பயக்கும். அதில் ‘நிலத்தின் மட்டம் மாறாது’ என்பதை முதல் வரியாக எழுத, சிப்பிகாட்டு மாணவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஓதம் ஏறும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தாலே போதும்.