எக்ஸ்ரே படத்தை ஒளித்து வைக்காதீர்கள்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கல்கிசையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கிறவர்கள், கொட்டாஞ்சேனையில் மூட்டை தூக்குகிறவர்கள், இங்கே வீட்டு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வந்திருக்கிறீர்கள். தீபாவளிக்கு ஊருக்கு பஸ் ஏறுமுன் காசநோயைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். இந்த நாட்டில் இந்த நோய் அதிகம் பதிவாவது கொழும்பு மாவட்டத்தில்தான்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி என்னிடம் ஒரு பெரிய உறையோடு வந்தாள். உள்ளே நெஞ்சு எக்ஸ்ரே. வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் நிழல் என்று எழுதியிருந்தது. அதைக் கேட்ட வீட்டம்மா அன்று மாலையே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். சளியைப் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை. சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள், நிழல் அப்படியே மாறாமல் இருந்தது. எப்போதோ வந்து ஆறிப்போன தழும்பு அது. தழும்பு யாருக்கும் தொற்றாது. ஆனால் வேலை போனது போனதுதான்.

இன்னொரு தம்பி, படத்தை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு மூன்று மாதம் இருமிக்கொண்டே வேலைக்குப் போனான். ஒரே அறையில் ஏழு பேர் படுத்தார்கள். அவனுடைய நுரையீரலில் குழி விழுந்திருந்தது. குழி விழுந்த இடத்தில் கிருமி ஏராளம், இருமும்போது காற்றோடு வெளியே வரும். அப்படியே ஊருக்குப் போய், அக்காவின் கைக்குழந்தையோடு லயத்துக் காம்பிராவில் இரண்டு கிழமை படுத்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஜன்னலைச் சாத்தினால் காற்று எங்கே போகும்?

இரண்டு படத்திலும் தெரிந்தது நிழல்தான். நிழலை மட்டும் வைத்து, இவர் பரப்புவார், அவர் பரப்பமாட்டார் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் சளியைக் கேட்கிறார்கள். எச்சில் வேண்டாம், காலையில் நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதும் படத்தில் தெரியும், அந்த வகை பெரும்பாலும் பிறருக்குப் பரவுவதில்லை. இருமலே இல்லாதவரின் படத்திலும் நோய் தெரிவதுண்டு. தட்டு, கோப்பை, துணியால் இது பரவாது. தனித்தட்டு வைத்து மனிதரை நோகடிக்கிற வேலையை விடுங்கள்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் ஒரு ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்து நோயாளர் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒரு வருடம் சானட்டோரியத்தில் வைத்தார்கள். அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே மாத்திரை எடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டாரை ஐந்து வருடம் கவனித்தபோது, நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்கு அதிகமாக நோய் வரவுமில்லை. தொற்றவேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே தொற்றிவிடுகிறது. ஒழுங்காக மருந்து எடுத்தால் சில கிழமைகளில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். எனவே பயப்படவேண்டியது அந்தத் தம்பி ஒளித்துவைத்த மூன்று மாதத்துக்குத்தான்.

மருந்து வழக்கமாக ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு வகை. சிறுநீர் சிவந்து போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்கள்தான் பிறகு மருந்துக்கு மசியாத கிருமியோடு வெலிசறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறார்கள். அரசாங்க மார்புநோய் சிகிச்சை நிலையம் மாவட்டந்தோறும் இருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இலவசம் என்கிறோம், ஆனால் கிளினிக்குக்குப் போன நாளில் மலையில் பேர் விழாது. கொழும்பில் கடை முதலாளியும் சம்பளத்தை வெட்டுவார். மருந்து அரைவாசியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தினசரி மாத்திரையைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே கொடுக்கவேண்டும், கிளினிக் நாளுக்குச் சம்பளம் வேண்டும், படத்தைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று நாம் கேட்கிறோம். தோட்டத் தலைவர்மார் இதைத் துரையிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

அந்தத் தம்பி மருந்தை முடித்துவிட்டான். அக்காவின் குழந்தையையும் கிளினிக்கில் காட்டினார்கள். நோய் வரவில்லை, வராமலிருக்க ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால், முடிந்ததும் என்னிடம் வாருங்கள். திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.