இறாலும் நல்ல தண்ணீரும்

நம் ஜொகூர் நீரிணையில் கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கிறார்களே சிப்பி, அதற்குத் தீனியே போட வேண்டாம். கடல்நீரை வடிகட்டித் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இறால் அப்படியல்ல; அதற்குக் குளம் வெட்டித் தீனி போட வேண்டும். 1990களில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் வட்டாரத்தில் வயல்களைக் குளமாக வெட்டிக் கடல்நீரை ஏற்றினார்கள். அந்த உப்பு பக்கத்து வயலுக்கும் இறங்கியது. குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. மீனவர்கள் கரைக்குப் போகும் வழியும் அடைபட்டது.

காந்தியவாதி ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர்மக்களோடு போராட்டத்தில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் வழக்கும் போட்டார். 1996 டிசம்பர் 11இல் இந்திய உச்ச நீதிமன்றம், பாரம்பரியப் பண்ணைகள் நீங்கலாக, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில், அதாவது கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கரையோரப் பகுதியில், இருந்த இறால் குளங்களை இடிக்கச் சொன்னது.

இடித்தார்களா? அதுதான் வேடிக்கை. 2005இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு, அதன்படி அமைந்த ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு பண்ணைகள் தொடர வழிவிட்டது.