தென்னை நிழலில் பசுந்தீவனம்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் பசுமையைக் கண்டோர், அங்கே கால்நடைகளுக்குத் தீவனத் தட்டுப்பாடு உண்டென்றால் நம்பத் தயங்குவர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் அது. ஆயினும் அங்குப் பசு வளர்ப்போர் பிண்ணாக்குக்கும் கலப்புத் தீவனத்துக்கும் பெரும்பாலும் கப்பலையே எதிர்நோக்குகின்றனர். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல்வழி. கப்பல் தாமதித்தால் பசு காத்திராது, பாலைக் குறைத்துவிடும்.

தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காடு. அதனை வெட்டி மேய்ச்சல் நிலமாக்குதல் ஆகாது. நாமும் அதை விரும்போம். நெல்வயல் குறைவாதலின் வைக்கோலும் குறைவு. 2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்த வயல்களிலும் ஒரு பகுதியைக் கொண்டுபோயின. தெற்கு அந்தமானில் சிப்பிகாட் பகுதியில் நிலமே தாழ்ந்து, விளைநிலம் உவர்நீர் நிலையாயிற்று.

எஞ்சுவது தோட்டம். தோட்டம் என்று எழுதும்போது நமக்கு மாவும் கொய்யாவும் நினைவில் வரும்; தீவுகளில் அச்சொல்லுக்குப் பொருள் தென்னையும் பாக்குமே. தென்னையை ஏழரை மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். அதன் வேர்களில் பெரும்பாலானவை மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே, நிலத்தில் முக்கால் பங்கு களைக்கே உரிமையாகக் கிடக்கிறது! கன்று நட்ட ஏழெட்டு ஆண்டுகள் வரையும், மரம் இருபத்தைந்து வயதைக் கடந்து உயர்ந்த பின்னும் தரைக்குப் போதிய வெயில் இறங்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் நிழல் அடர்த்தி. அப்போது புல்லிடம் மிகுதியாக எதிர்பார்த்தல் வீண்.

நிழலைப் பொறுப்பதில் கினியாப் புல் சிறந்தது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மிகுதியாக விளையும். ஆனால் அதற்கு வெயில் வேண்டும். நட்ட எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு, பின்னர் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. மரத்தடியில் இரண்டு மீட்டர் வட்டத்தை விட்டு நடுக. மாட்டை அவிழ்த்துவிடாமல், அறுத்துக் கொணர்ந்து போடுக. இளங்கன்றின் குருத்து மாட்டுக்கும் இனிக்கும் அன்றோ? வெள்ளையர் கொணர்ந்துவிட்ட புள்ளிமானும், ஜப்பானியர் ஆட்சியில் வந்து சேர்ந்த பெருநத்தையும் இளந்தளிரைத் தேடி வருவன. வேலியும் விழிப்பும் இன்றேல் முதல் அறுப்பு அவற்றுக்கே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்புற்கள் பெருந்தீனிக்காரப் பயிர்கள். அறுத்தெடுத்த சத்தினைச் சாணமாகவும் தொழுவுரமாகவும் திருப்பித் தாராவிடில், சில ஆண்டுகளில் தென்னையின் காய்ப்புக் குறையும். பாலுக்காகத் தேங்காயை இழப்பது வாணிகமன்று. நேப்பியரில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவொட்டாது தடுக்கும். ஆதலின் காராமணி, முயல் மசால் போன்ற பயறுவகைத் தீவனத்தையும் கலந்திடுதல் நன்று.

உண்மையான இடர் சனவரி முதல் ஏப்ரல் வரையில். அம்மாதங்களில் மழை அரிது. புல்லும் தென்னையும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடும். நம் ஊரில் வைக்கோற்போர் போட்டு வைப்பதுபோல் அங்கே புல்லை உலர்த்திச் சேமிக்கலாமெனில், புல் மிகுந்து விளையும் மாதங்களில் காற்றே ஈரம், பூஞ்சை பிடித்துவிடும். எனவே ஊறுகாய்ப் புல் முறையே தக்கது. மழைக்காலத்தில் மிஞ்சும் நேப்பியரைச் சிறிது வாடவிட்டு, நறுக்கி, சிறிது வெல்லப்பாகு தெளித்து, மூடியுள்ள பீப்பாயில் காற்றுப் புகாவண்ணம் அழுத்தி அடைத்தால், ஒன்றரை மாதத்தில் பதமாகும். இரண்டு மாடு வைத்திருப்போருக்குக் குழி தோண்டுவதினும் பீப்பாயே ஏற்றது. குழியில் மழைநீர் ஊறும்.

வேலியோரத்தில் கிளைரிசிடியாவும் அகத்தியும் நட்டு வைத்தால், கோடையில் ஒடித்துப் போடத் தழை கிடைக்கும். கிளைரிசிடியாவின் மணம் மாட்டுக்கு முதலில் பிடிக்காது. சிறிது வாட்டி, புல்லோடு கலந்து, நாளுக்கு நாள் அளவைக் கூட்டிப் பழக்க வேண்டும். அப்பழக்கத்தைக் கோடை வருமுன், டிசம்பரிலேயே தொடங்குதல் நலம்.