அரைப்புள்ளி அறிவோம்

பெங்களூரு காக்ஸ் டவுனில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். வீட்டுச் சொந்தக்காரர் வெளியூர் போகிறார். "கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த அம்மா, பேசுவது போலவே எழுதுகிறார்:

வாடகை கொடுத்துவிட்டேன் போன மாதம் தண்ணீர்ப் பணம் பாக்கி

இதில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் பொருள் என்ன? இதை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

ஒன்று: வாடகை கொடுத்துவிட்டேன் போன மாதம்; தண்ணீர்ப் பணம் பாக்கி.

இரண்டு: வாடகை கொடுத்துவிட்டேன்; போன மாதம் தண்ணீர்ப் பணம் பாக்கி.

முதல் வாக்கியத்தில் போன மாத வாடகை மட்டும்தான் வந்தது. "இந்த மாத வாடகை எங்கே?" என்று சொந்தக்காரர் கேட்பார். இரண்டாவது வாக்கியத்தில் வாடகை பாக்கியே இல்லை. போன மாதத் தண்ணீர்ப் பணம் மட்டும் பாக்கி. சொற்கள் மாறவில்லை, குறி இடம் மாறியது. ஒரு மாத வாடகையே தகராறில் வந்து நிற்கிறது!

அந்தக் குறிதான் அரைப்புள்ளி. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு காற்புள்ளி. இப்படி இருக்கும்: ;

காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போது என்ன கேட்கிறோம்? கால் கிலோ, அரை கிலோ, முக்கால் கிலோ, ஒரு கிலோ. தமிழில் குறிகளின் பெயர்களும் அப்படித்தான்: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. அங்கே அளப்பது தக்காளியை. இங்கே அளப்பது நிறுத்தத்தை. விரலை ஒரு முறை சொடுக்கும் நேரம் ஒரு மாத்திரை. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. சொடுக்கிக்கொண்டே படித்துப் பாருங்கள். எங்கே எவ்வளவு நிற்க வேண்டும் என்பது புரியும்.

சரி, அரைப்புள்ளியை எங்கே வைப்பது? இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

மார்க்கெட்டுக்குப் போய், காய் வாங்கி, வீட்டுக்கு வந்தார்.

மார்க்கெட்டுக்குப் போனார்; காய் வாங்கினார்; வீட்டுக்கு வந்தார்.

முதல் வாக்கியத்தில் 'போய்', 'வாங்கி' என்ற சொற்கள் முடியாமல் நிற்கின்றன. போய் என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. அதனால் அங்கே காற்புள்ளி. இரண்டாவதில் 'போனார்', 'வாங்கினார்', 'வந்தார்' எல்லாம் முடிந்த சொற்கள். ஒவ்வொன்றும் தனி வாக்கியம். ஆனால் எல்லாம் ஒருவர் செய்த வேலை. அதனால் அரைப்புள்ளி.

சந்தேகம் வந்தால் கையால் மூடிப் பாருங்கள். குறிக்கு வலப்பக்கத்தை மூடுங்கள். இடப்பக்கம் தனியே நிற்கிறதா? பிறகு இடப்பக்கத்தை மூடுங்கள். வலப்பக்கம் தனியே நிற்கிறதா? இரண்டும் ஒரே செய்தியைப் பற்றியவையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அரைப்புள்ளி வைக்கலாம்.

மழை பெய்ததால்; வேலை இல்லை. இது தவறு. 'மழை பெய்ததால்' தனியே நிற்காது.

மழை பெய்தது; அதனால் வேலை இல்லை. இது சரி. 'ஆனால்', 'ஆகவே', 'அதனால்' போன்ற சொற்கள் இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்கும்போது, அவற்றுக்கு முன் அரைப்புள்ளி வரும்.

பால் விலை ஏறிவிட்டது; அக்காவுக்கு முடி நீளம். இதுவும் தவறு. பாலுக்கும் முடிக்கும் என்ன உறவு? இங்கே முற்றுப்புள்ளிதான் வேண்டும்.

நம் முன்னோர் ஓலைச்சுவடியில் எழுதினார்கள். சுவடியில் இந்தக் குறிகள் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். கற்றவர்தான் பிரித்துப் படிக்க முடியும். அரைப்புள்ளியை 1490களில் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகத்தார் புத்தகத்தில் அச்சிட்டார். அச்சு இயந்திரம் வந்த பிறகு இக்குறிகள் தமிழுக்கும் வந்தன. யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822-1879) தம் உரைநடை நூல்களில் இவற்றை முறையாகப் பயன்படுத்தினார். சாதாரண மக்களும் தடுமாறாமல் படிக்க அது உதவியது.

காக்ஸ் டவுனில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. பல மனுக்களைக் கன்னடத்தில் எழுத வேண்டியிருக்கும். கவலை வேண்டாம். அங்கேயும் இதே குறிதான். அதன் பெயர் அர்த்த விராமம். 'அர்த்த' என்றால் அரை. தமிழில் கற்றது கன்னடத்திலும் கை கொடுக்கும்.

இப்போது ஒரு பயிற்சி. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பாட்டி மருத்துவரிடம் கொண்டு போகிறார். தாய் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்:

மருந்து கொடுத்தேன் இரவு குழந்தை வாந்தி எடுத்தது

இரவில் நடந்தது எது? மருந்து கொடுத்ததா, வாந்தி எடுத்ததா? மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். தாய்க்கு மட்டுமே அது தெரியும். அரைப்புள்ளியை இரண்டு இடத்திலும் வைத்து, இரண்டு வாக்கியங்களாக எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த பொருளே அவருக்கும் விளங்கினால், குறி சரியான இடத்தில் இருக்கிறது.