மூவர் கரையேறிய காலை

பட்டம் பெறும் இளைஞர்களே,

எடுத்ததை முடிக்காமல் விடாதே என்று உங்களுக்குச் சொல்ல ஆள் நிறைய உண்டு. பாதியில் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் வாதாடவே நான் வந்திருக்கிறேன். போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவலின் தலைமையில் 1869 மே 24 அன்று 10 பேர் 4 படகுகளில் அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து புறப்பட்டார்கள். கொலராடோ ஆற்றின் பள்ளத்தாக்குகளை அளப்பது நோக்கம். ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கியது. ஒருவர் வழியில் விலகினார். மாவில் பூஞ்சை பிடித்தது. ஆகஸ்ட் 28 காலை, கிராண்ட் கேன்யனின் அடியில், பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் நீரைக் கண்டு மூவர் ‘இனி வரமாட்டோம்’ என்றார்கள். மலையேறிப் போன அவர்கள் கொல்லப்பட்டார்கள். படகில் போன ஆறு பேரோ இரண்டே நாளில் பயணத்தின் முடிவிடமான விர்ஜின் ஆற்று முகத்துவாரத்தை அடைந்தார்கள்.

முடிவு தெரிந்த பிறகு மூவரையும் கோழைகள் என்பது சுலபம். அன்று காலை யாருக்கும் முடிவு தெரியாது. முகத்துவாரம் நேர்கோட்டில் சுமார் 45 மைல் என்று பவல் கணித்திருந்தார், அவர் கணக்கு மேலானதல்லவா என்று கேட்கலாம். தொலைவைத்தான் அவர் கணித்தார்; இடையில் எத்தனை பாய்ச்சல்கள் என்பது அவருக்கும் தெரியாது. முந்தைய இரவு தூங்காமல் நடந்து நடந்து யோசித்த மனிதர் அவர்.

ஆளாளுக்கு இறங்கிக்கொண்டால் குழு எதற்கு என்பது இதைவிட நல்ல கேள்வி. ஆனால் அங்கே குழு சிதறவில்லை. ஆள் போதாததால் ஒரு படகைக் கரையில் விட்டார்கள். பயணக் குறிப்பின் ஒரு பிரதியும் துப்பாக்கிகளும் மூவரிடம் தரப்பட்டன. சமையல்காரர் அவர்களுக்காகச் சுட்ட ரொட்டியைப் பாறைமேல் வைத்தார். எதிர்த்தரப்பே சாகப்போகிறது என்று இரு தரப்பும் நம்பின. பாய்ச்சலைக் கடந்ததும் பவல் குழு துப்பாக்கியால் சுட்டு ஒலி எழுப்பி, மூவரும் திரும்பி வரக்கூடும் என்று காத்திருந்தது. அலுவலகத்தில் ராஜினாமா கொடுத்தவரிடம் மறுநாளே முகம் திருப்பிக்கொள்ளும் நமக்கு இது சற்று உறைக்க வேண்டும்.

பின்னாளில் கிராண்ட் கேன்யனின் விளிம்பில் பவலுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தில், கரையேறிய மூவரின் பெயர்களைப் பொறிக்கவில்லை. மூன்று மாதம் அதே ஆற்றில் துடுப்புப் போட்ட கைகள் அவை. கடைசி இரண்டு நாளை மட்டும் எண்ணிய அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.