மீன் வாடையும் புளியும்



சிங்கப்பூரில் தேக்காச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மீன் கடைகள் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். 1982-ஆம் ஆண்டில் சந்தை புதிய கட்டடத்திற்கு மாறியது. வாடையும் கூடவே குடிபெயர்ந்தது.

அந்த வாடைக்குக் காரணமான பொருள் அமீன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் தாய் தோட்ட மக்களுக்குப் பழக்கமானதுதான். ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அமோனியா கலக்கிறார்களே, மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வருமே, அதுதான். அமோனியாவில் ஒரு நைட்ரஜன் அணுவைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் கரியணு உள்ள தொகுதி ஒன்று அமர்ந்தால் அது முதல்நிலை அமீன். இரண்டு மாறினால் இரண்டாம் நிலை, மூன்றும் மாறினால் மூன்றாம் நிலை. மூன்று இடத்திலும் மெத்தில் தொகுதி அமர்ந்ததே டிரைமெத்தில் அமீன். கடல்மீன் செத்தபின், அதன் உடலிலுள்ள வாடையற்ற ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் இப்படி மாற்றிவிடுகின்றன. இது ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் கேட்க வேண்டுமா!

அமீனின் நைட்ரஜனில், பிணைப்பில் சேராத ஓர் எலெக்ட்ரான் இணை உண்டு. அமிலம் வந்தால் அதன் ஹைட்ரஜன் அயனியை இந்த இணை பற்றிக்கொள்ளும், அமீன் உப்பாகிவிடும். உப்பு நீரில் கரையும், ஆவியாகாது. ஆகவே மூக்கை எட்டாது. அமோனியா கலந்த பாலை உறையவைக்கக் கூடுதல் ஆசிட் தேவைப்படுவதும் இதனால்தான். நம் தாய்மார் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் இதே வேதியியல். கேரளத்தவரான எம். ஜே. கோமஸ் 1949-இல் சிங்கப்பூரில் அறிமுகப்படுத்தினார் என்று சொல்லப்படும் மீன்தலைக் கறியிலும் புளி தன் வேலையைச் செய்கிறது.

ஆனால் புளி வாடையைத்தான் அடக்கும். கெட்ட மீனை நல்ல மீனாக்காது. சூரை, மலாய்க்காரர் கெம்போங் என்று சொல்லும் கானாங்கெளுத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, ஹிஸ்டமின் என்னும் வேறோர் அமீனை உண்டாக்கும். அதற்கு வாடை இல்லை. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. புளியில் உப்பாகிக் குழம்பிலேயே தங்கிவிடும். தின்ற சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் முகம் சிவக்கும், தடிப்பு எழும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இத்தகைய மீன் சில சமயம் நாக்கில் மிளகுபோல் சுருக்கென்னும். நம் காரக் குழம்பில் அது எங்கே தெரியப்போகிறது?

காலையில் மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் வாங்கி, வேலை முடிந்து மாலையில் சமைப்பவர்கள், அந்த மீனை வாங்கிய உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லையென்றால் மீன் மூடும்படி பனிக்கட்டி போட்டு வையுங்கள்.